மராமத்து நடக்கிறது, உள்ளே வாருங்கள்

எங்கள் ஊரின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. எழுதினால் அப்புறம் ஊரில் ஒருத்தியும் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க மாட்டாள். சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க் கடைத்தெருவில் வெள்ளைக்காரன் காலத்து வாசகசாலை ஒன்று இருக்கிறது. அதன் கதவில் ‘மராமத்துக்காக மூடப்பட்டுள்ளது’ என்று ஒரு பலகை தொங்குகிறது. அதை மாட்டியபோது என் மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது பிளஸ் டூ எழுதப்போகிறாள். நடுவில் ஒருமுறை அந்தப் பலகை மழையில் ஊறி உளுத்துப்போய், புதுப் பலகை செய்து மாட்டினார்கள். இத்தனை வருடத்தில் அங்கே நடந்த மராமத்து அது ஒன்றுதான்.

கல்யாணத் துணி தைக்க வந்த அரியலூர்ப் பெண் ஒருத்தி அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “எங்க ஊருல மியூசியத்தோட கூரையப் பிரிச்சு வேல பாக்குறாங்க, அக்கா. ஆனா ஒரு நாள் கூட பூட்டல. டிக்கெட் குடுத்து உள்ள வுடுறாங்க” என்றாள். நான் நம்பவில்லை. கூரை இல்லாத வீட்டுக்கு யாராவது விருந்தாளியைக் கூப்பிடுவார்களா? போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர், “பொய்யா இருந்தா பஸ் காசு நஷ்டம், நெஜமா இருந்தா நம்ம ஊருக்கு அவமானம். எதுக்கு வம்பு?” என்றார். அதற்காகவே கிளம்பினேன்.

2003 பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை. என் கடைக்கு வியாழன்தான் விடுமுறை. விடியற்காலை ஐந்து மணிக்குத் திருச்சி வண்டியில் ஏறினேன். பெரம்பலூருக்கு டிக்கெட் நாற்பத்திரண்டு ரூபாய். உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை தூங்கினேன். விழித்தபோது இரண்டு பக்கமும் வெடித்த பருத்தியும், மானாவாரி நிலமும், மேற்கே தூரத்தில் பச்சைமலையின் நிழலும் தெரிந்தன. பெரம்பலூரில் இறங்கும்போது எட்டரை மணி. ரயில் எட்டிப் பார்க்காத ஊர் என்பதால் பேருந்து நிலையத்தில் அப்படி ஒரு நெரிசல். நான்கு இட்லி, ஒரு வடை, காபி எல்லாம் சேர்த்துப் பதினான்கு ரூபாய். சட்னியைக் குறை சொல்ல முடியாது.

அரியலூர் பேருந்து கிளம்பியதும் நடத்துநர் வந்தார். முப்பது கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய். “மியூசியத்துக்கு எங்க இறங்கணும்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் முந்திக்கொண்டார். சிமெண்ட் ஆலைச் சட்டை போட்டிருந்தார். இரவு வேலை முடித்துவிட்டு உறவுக்காரர் வீட்டுத் துக்கத்துக்குப் பெரம்பலூர் வந்து திரும்புகிறாராம்.

“பஸ் ஸ்டாண்டுல எறங்கி திருமானூர் ரோட்டுல நடங்க. பழைய கச்சேரிக் கட்டடம். என் ஹெல்மெட்டு கூட அங்கதான் இருக்கு” என்றார்.

“உங்க ஹெல்மெட் அங்க எதுக்கு?”

“போனீங்கன்னா தெரியும்.” அவரே தொடர்ந்தார். “ரெண்டாயிரத்து ஒண்ணுல எங்கள தனி மாவட்டம் ஆக்குனாங்க. மறு வருசமே பெரம்பலூரோட திரும்பச் சேத்துட்டாங்க. வந்த ஆபீசெல்லாம் மூட்ட கட்டிக்கிட்டு போயிடுச்சி. எங்களுக்குன்னு மிச்சம் இருக்குறது அந்த மியூசியம்தான். அதையும் ரிப்பேருன்னு சொல்லிப் பூட்டுனா, சாமானெல்லாம் வேற ஊருக்கு வண்டி ஏறிடும். அந்தம்மா வுட மாட்டேங்குது.”

அந்தம்மா யார் என்று கேட்பதற்குள் அவர் தூங்கிப்போனார்.

அரியலூர் நெருங்க நெருங்கச் சாலையோர மரங்கள் எல்லாம் பவுடர் பூசியதுபோல் வெளுத்திருந்தன. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போயின. பத்து மணிக்குள் கச்சேரிக் கட்டடத்தின் முன்னால் நின்றேன். ஒரே வரிசையில் ஐந்து அறைகள், முன்னால் நீள வராந்தா, தூண்கள், தட்டை மாடி. தாலுகா கச்சேரியாக, அதாவது தாலுகா ஆபீசாக இருந்த காலத்தில் கஜானா வைத்திருந்ததால் சுவர்கள் இரண்டடிக்குக் குறையாத கனம். மூன்றாவது அறையின் மேலே கூரை இல்லை. சவுக்குச் சாரம் வானத்தைப் பார்த்து நின்றது. வாசலில் அட்டையில் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்: ‘மராமத்து நடக்கிறது. உள்ளே வாருங்கள். தலை பத்திரம்.’

என் வீட்டுக்காரர் சொன்ன அவமானம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

மூன்று ரூபாய் டிக்கெட் கிழித்துக் கொடுத்த அம்மாள்தான் காப்பாட்சியர் மரகதம். நாற்பத்தைந்து வயது இருக்கும். திருமானூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகிறவர். காவலாளி அம்மை போட்டுப் படுத்திருந்ததால் டிக்கெட், துடைப்பம், விளக்கம் எல்லாம் அவர்தான். டிக்கெட்டோடு ஒரு மஞ்சள் ஹெல்மெட்டையும் நீட்டினார். உள்ளே ‘குமார், இரண்டாவது ஷிப்ட்’ என்று எழுதியிருந்தது.

“ஊருல வூட்டுக்கு ஒருத்தர் சிமெண்ட் பேக்டரியில இருக்காங்க. பழசு இருந்தா குடுங்கன்னு கேட்டேன். குடுத்தாங்க. போட்டுக்கிட்டு வாங்க” என்றார்.

ஏற்பாடு எளிமையானது. ஓர் அறையைக் காலி செய்து அதிலிருக்கும் சிலைகளையும் கண்ணாடிப் பெட்டிகளையும் அடுத்த அறைக்கு நகர்த்துகிறார்கள். காலியான அறையின் கூரையைப் பிரித்து, உளுத்த தேக்கு விட்டத்தை மாற்றி, மறுபடி செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போடுகிறார்கள். அது காய்ந்ததும் பொருட்கள் திரும்பி வரும், அடுத்த அறை காலியாகும். போட்டிருக்கும் சட்டையைக் கழற்றாமலே கிழிசலைத் தைப்பது மாதிரி. செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: ஊசி எந்த நேரமும் உடம்பில் குத்தும், ஆனால் மானம் போகாது.

வேலை நடக்கும் அறை வாசலில் ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கலாம். கல் சிலைகளைப் பார்ப்பதைவிட ஜனங்கள் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள். நானும் நின்றேன். மேஸ்திரி செல்வராஜ் வேப்பந்தட்டைக்காரர், முப்பத்தைந்து வயது, வாய் ஓயாத மனிதர். சாரத்தின் மேலிருந்தே பேச ஆரம்பித்துவிட்டார்.

“பாருங்க அக்கா, ஊரு பூரா சிமெண்டு. நான் மட்டும் சுண்ணாம்புல கடுக்காயும் வெல்லமும் போட்டுக் கலக்கிக்கிட்டு இருக்கேன். வெல்லத்துக்கு எறும்பு வருது. எறும்புக்கு மருந்து போட்டா அம்மா திட்டுது.”

“சிமெண்ட் போட்டா என்ன?”

“முன்னாடி எவனோ மாடியில சிமெண்டப் பூசிட்டான். எறங்குன தண்ணி வெளிய போவ வழியில்லாம வுட்டத்தத் தின்னுடுச்சி. அதான் இந்தக் கதி. ஆனா எனக்கும் சுண்ணாம்பு புதுசுதான். மொதல் ரூம்புல போட்டது ரெண்டு தடவ வெடிச்சுது. அம்மா ரெண்டு தடவயும் பேத்துப் போடச் சொல்லிடுச்சி. வுடாதுங்க அது.”

இந்த ‘விடாது’ என்ற சொல்லை இரண்டாவது ஆளிடம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மரகதத்திடம் எங்கள் ஊர் வாசகசாலைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “எனக்கு அதுதான் பயம். பூட்டுனா திறக்க மாட்டாங்க. இன்னிக்கு மூணு மணிக்கு மேலிடத்துலேருந்து ஒரு அதிகாரி வராரு. ஜனங்க தலையில எதாவது வுழுந்துடும், வேலை முடியுற வரைக்கும் மூடணும்னு யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. அவரு பாத்துட்டு முடிவு சொல்லுவாரு” என்றார். சொல்லிவிட்டு மூலையில் கிடந்த ஓர் ஆணியைப் பொறுக்கி எடுத்தார். காலையிலிருந்து அவர் பொறுக்கிய ஆணிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன.

பதினொரு மணி வாக்கில் ஒரு வேன் வந்து நின்றது. ஜெயங்கொண்டம் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழு. இருபது பெண்கள் இருப்பார்கள். எலுமிச்சை சாதமும் புளிசாதமும் தூக்குவாளியில் வந்திருந்தன. தலையில் வைத்த கனகாம்பரம் நசுங்காமல் ஹெல்மெட் போடுவது எப்படி என்று ஒருத்திக்கொருத்தி யோசனை சொல்லி ஒரே கும்மாளம். பூவைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேலே ஹெல்மெட் கவிழ்த்தார்கள். இப்படி ஓர் அலங்காரத்தை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

அவர்களில் ராசாத்தி என்றொரு பெண். நாற்பது வயது இருக்கும். மற்றவர்கள் உள்ளே போக, அவள் மட்டும் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பிறகு மரகதத்திடம் வந்து, “ஏம்மா, எங்க கெணத்துக் கல்லு எங்க?” என்று கேட்டாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பூமி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. கிணறு வெட்டினால் சிப்பியும் நத்தையும் கல்லாகிப்போய்க் கட்டி கட்டியாக வரும். அப்படி ஏழு ஊர்க் கிணறுகளில் கிடைத்த ஏழு சிப்பிக்கல் பாறைகளை அந்தந்த ஊர்க்காரர்களே வண்டி கட்டிக் கொண்டுவந்து இந்த மியூசியத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பெரிய பலாப்பழ அளவு. முப்பது வருடமாக வராந்தாவில் ஏழு பீடங்களில் இருந்தவை. டவுனுக்கு ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ வருகிறவர்கள் ‘எங்க ஊருக் கல்லு’ என்று பார்த்துவிட்டுத்தான் போவார்களாம். ராசாத்தியின் மாமனார் வெட்டிய கிணற்றுக் கல்லும் அதில் ஒன்று.

“வராந்தாத் தரை போடப்போறோம்ல, அதனால கல்ல மட்டும் பின்னாடி வேப்பமரத்தடியில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கோம். வாங்க, காட்டுறேன்” என்று மரகதம் அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன். தார்ப்பாய் இருந்தது. தூக்கினால் அடியில் வெறும் தரை.

மரகதம் தார்ப்பாயைக் கையில் பிடித்தபடி நின்றார். “செல்வராஜு!” என்று அவர் போட்ட சத்தத்தில் சாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

குற்றவாளி தானாகவே வந்து சேர்ந்தான். பிரித்த கூரையின் இடிசலை அள்ளிக்கொண்டு போகும் டிராக்டர்காரன் முருகேசன் அடுத்த நடைக்காக அப்போதுதான் உள்ளே நுழைந்தான். முந்தின நாள் சாயங்காலம் மரகதம் பேருந்துக்குக் கிளம்பிய பிறகு, வேப்பமரத்தடி இடிசலை ஏற்றியவன், தார்ப்பாய்க்கு அடியிலிருந்ததையும் சேர்த்து ஏற்றிவிட்டான்.

“அது கல்லுதானேங்க? கட்டடத்துக் கல்லுன்னு நெனச்சிட்டேன். எங்க கொல்லையில கூட இந்த மாதிரி கெடக்குது, யாரு சீந்துறா?” என்றான். அவன் முகத்தில் திருட்டுத்தனம் துளிகூட இல்லை, நிஜமாகவே குழம்பியிருந்தான். வேறு ஊரில் இந்தக் கல்லைத் தொட ஆட்கள் பயப்படுவார்கள். இந்த ஊரில் மட்டும்தான் பல கோடி வருடத்துச் சிப்பியை வண்டிப்பாதையில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியும்.

“எங்கய்யா கொட்டுன?”

“கல்லங்குறிச்சிப் பக்கம். பச்சையம்மா அக்கா கொல்லைக்குப் போற பாதையில. பள்ளமா இருக்கு, மண்ணு வேணும்னு கேட்டுச்சு.”

மரகதம் நேராகச் செல்வராஜைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “நம்பர பீடத்துல எழுதினேன். கல்லுல எழுதல. என் தப்பு” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அக்கா, நான் கதவ வுட்டுட்டு வர முடியாது. நீங்க கூடப் போறீங்களா? செல்வராஜ தனியா அனுப்புனா அவசரத்துக்கு எந்தக் கல்லையாவது தூக்கிக்கிட்டு வந்துடுவாரு.”

பத்து மணிக்கு டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவளிடம் பன்னிரண்டு மணிக்கு இப்படி ஒரு பொறுப்பு. மறுக்கத் தோன்றவில்லை. ராசாத்தியோ வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “கல்லு வராம நாங்க எந்திரிக்க மாட்டோம்” என்றாள். மீதி பத்தொன்பது பெண்களும் சோற்று வாளியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

கல்லங்குறிச்சி ஐந்தாறு கிலோமீட்டர்தான். டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து அதைக் கடப்பவருக்கு ஐம்பது கிலோமீட்டர். கையில் தையல் ஊசி பிடிக்கிறவள் நான். அன்று பிடித்த பிடியில் இரண்டு நாள் விரல் மடங்கவில்லை. ஒரு பக்கம் சுரங்கப் பள்ளங்கள், மறுபக்கம் பருத்தியும் கரும்பாறைபோல் காய்ந்த கரிசலும். முருகேசன் வழியெல்லாம் “நான் வேணும்னு செய்யலக்கா” என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஏழாவது தடவை, “சரிப்பா, ரோட்டப் பாரு” என்றேன்.

பச்சையம்மாள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பு மடியை அவிழ்த்துப் பருத்தியைக் கொட்டிவிட்டு வரப்புக்கு வந்தாள். “குடுத்த மண்ணத் திருப்பிக் கேக்குறீங்களே, இது ஞாயமா? மூணு வருசமா இந்தப் பாதையில வண்டி மாட்டிக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான தெரியும்” என்றாள்.

“மண்ணு வேணாங்க. கல்லு மட்டும்” என்றார் செல்வராஜ்.

“எந்தக் கல்லு?”

அதுதான் கேள்வி. இடிசல் கொட்டிய இடம் அவள் பல வருடமாக நிலத்திலிருந்து பொறுக்கிப் போட்ட கற்குவியலின் ஓரம். பாதையை நிரவும்போது அவளும் அவள் கணவரும் கைக்கு வந்த கல்லையெல்லாம் உருட்டிப் பள்ளத்தில் போட்டிருக்கிறார்கள். மியூசியக் கல்லும் சிப்பிக்கல், நிலத்துக் கல்லும் சிப்பிக்கல். எல்லாவற்றின் மேலும் ஒரே புழுதி. நாற்பது கற்களாவது இருக்கும்.

செல்வராஜ் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “அக்கா, இதுல நல்லதா ஏழ பொறுக்கி ஏத்திக்கிட்டுப் போயிடலாம். ஆபீசருக்கு என்ன தெரியப்போவுது?”

மணி ஒன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு நொடி, நல்ல யோசனை என்றே எனக்கும் பட்டது. ஆனால் கனகாம்பரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ராசாத்தியின் ஞாபகம் வந்தது. “ஆபீசருக்குத் தெரியாது. ராசாத்திக்குத் தெரியும்” என்றேன். அவளுக்கு நிஜமாகவே தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கோபத்தில் சொன்னேன்.

புழுதி போனால் ஏதாவது அடையாளம் தெரியும் என்று பச்சையம்மாளிடம் தண்ணீர் கேட்டோம். அவள் பம்புசெட்டிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்தாள். முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தாள், ஆனால் அவள் கொண்டுவந்த குடங்கள்தான் அதிகம். கல்மேல் ஊற்றினோம். கல் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே குடித்தன. பாதிக் கற்கள் முடிந்தபோது ஒரு கல்லில் தண்ணீர் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நான் குனிந்து தடவிப் பார்த்தேன். துணிக்கடையில் கண்ணை மூடிக்கொண்டு பட்டையும் பாலியெஸ்டரையும் பிரிக்கிற விரல் இது. மற்றக் கற்கள் கையைக் கிழித்தன. இது வழவழவென்று, உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த பெஞ்சு மாதிரி இருந்தது.

மரகதத்தின் வராந்தாவில் ஒவ்வொரு பீடத்துக்கு மேலும் ‘தொடாதீர்கள்’ என்று பலகை இருந்ததைப் பார்த்திருந்தேன். முப்பது வருடமாக ஒருவரும் அதை மதிக்கவில்லை என்பது இப்போது தெரிந்தது. எண்ணெய் தேய்த்த தலையைச் சாய்த்தவர்கள், பேருந்துக்குக் காத்திருந்து கை வைத்தவர்கள், எங்க ஊருக் கல்லு என்று தட்டிக்கொடுத்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் கல்லுக்கு மெருகு ஏற்றியிருக்கிறார்கள். “செல்வராஜு, தடவிப் பாருங்க!” என்று கத்தினேன்.

அதற்கப்புறம் நாங்கள் நான்கு பேரும் மண்டிபோட்டு ஒவ்வொரு கல்லாகத் தடவினோம். பாதையில் போகிற ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “நகை ஏதும் தொலைஞ்சுபோச்சா?” என்று கேட்டார். ஆறு கற்கள் கிடைத்தன. ஏழாவது கிடைக்கவில்லை. பாதைக்கு அடியில் எங்கோ ஆழமாகப் போயிருக்க வேண்டும். இன்னும் தோண்டலாம் என்றால் மணி இரண்டே முக்கால்.

“கல்ல எடுத்தீங்க, சரி. பள்ளத்த மூடிட்டுப் போவணும்” என்றாள் பச்சையம்மாள். செல்வராஜ் மறுபேச்சு இல்லாமல் மண்வெட்டியை எடுத்தார். மூடிவிட்டுத்தான் கிளம்பினோம்.

திரும்பி வந்தபோது மியூசிய வாசலில் ஜீப் நின்றது. அதிகாரி வந்துவிட்டார். வெயில் கண்ணாடி போட்ட, கெட்டவர் என்று சொல்ல முடியாத ஒரு மனிதர். அவருக்கு எதிரில் வராந்தா முழுக்க மஞ்சள் ஹெல்மெட் போட்ட இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போக அவருக்கு வழியில்லை.

“பொதுமக்கள் பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கும்மா” என்று மரகதத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். “ஆறு மாசம் மூடுங்க. பொருளையெல்லாம் வேற ஊருக்கு பத்திரமா அனுப்பிடலாம். வேலை முடிஞ்சதும் கொண்டாந்துக்கலாம்.”

எங்களைப் பார்த்த மரகதம் விரலால் எத்தனை என்று கேட்டார். நான் ஆறு விரலைக் காட்டினேன். அவர் ஒரு மூச்சு இழுத்துவிட்டு அதிகாரியிடம் திரும்பினார். மறைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் மறைத்திருப்பேன்.

“சார், நேத்து இங்கேருந்து ஏழு கல்லு இடிசலோட போயிடுச்சுங்க. ஆறு வந்திருக்கு, ஒண்ணு வரல. தப்பு என்னுதுதான். ஆனா இது எப்ப தெரிஞ்சுது தெரியுமா? இன்னிக்கு காலையில, இந்தம்மா வந்து எங்க கல்லு எங்கன்னு கேட்டப்ப. பூட்டியிருந்தா யாரு சார் கேட்டிருப்பாங்க? ஆறு மாசம் கழிச்சுத் திறக்குறப்ப ஏழும் பாதைக்கு அடியில இருந்திருக்கும்.”

அதிகாரி பதில் சொல்வதற்குள் ராசாத்தி எழுந்து டிராக்டருக்கு வந்துவிட்டாள். டிரெய்லரில் ஏறி, ஆறு கல்லையும் பார்த்தாள். நான்காவது கல்லின் பின்பக்கம் கையை விட்டாள். அங்கே உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. “இதான். ஆஸ்பத்திரிக்கு வரப்பல்லாம் இதுலதான் கைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன்” என்றாள். நான் செல்வராஜைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

“சார், எங்க கல்ல நாங்க பாத்துக்குறோம். கதவ மட்டும் பூட்டாதீங்க” என்றாள் ராசாத்தி, டிரெய்லர் மேலே நின்றபடி. கீழே இருந்த பெண்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கட்டடத்தைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். பிறகு மரகதத்திடம் கையை நீட்டி, “எனக்கு ஒரு ஹெல்மெட் குடுங்க” என்றார்.

உள்ளே அரை மணி நேரம் சுற்றினார். அதற்குள் கற்களை இறக்கி வராந்தாப் பீடங்களில் வைத்திருந்தோம். வெளியே வந்து நின்றபோது ஒரு கை ராசாத்தியின் கல்மேல் இருந்ததை அவரே கவனிக்கவில்லை. “அஞ்சு ரூமும் முடியுற வரைக்கும் இப்படியே நடக்கட்டும். வேலை நடக்குற ரூமுக்கு கயிறு போதாது, தடுப்பு கட்டுங்க. கல்லையெல்லாம் ராத்திரி உள்ள வைங்க. மறுபடி வந்து பாப்பேன்” என்றார். ஜீப் போனதும் பெண்கள் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. எனக்கும் ஒரு கை எலுமிச்சை சாதம் கிடைத்தது.

நான் கிளம்பும்போது மரகதம் வெள்ளைப் பெயிண்டால் ஒவ்வொரு கல்லின் அடியிலும் எண் எழுதிக்கொண்டிருந்தார். ஏழாவது பீடம் காலி. அதில் ஓர் அட்டை வைத்திருந்தார்: ‘இந்தக் கல் கல்லங்குறிச்சிப் பாதையில் இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறோம்.’

“இதப் பாத்தா அந்தக் கல்லக் குடுத்த ஊருக்காரங்க சண்டைக்கு வருவாங்களே” என்றேன்.

“வரட்டும். வந்து கேக்கணும். கேக்குறதுக்கு கதவு திறந்திருக்கணும்” என்றார்.

‘தொடாதீர்கள்’ பலகைகளை அவர் ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார். அதில் ஒன்றின்மேல் செல்வராஜ் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார். குமாருடைய ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தேன். திரும்பும் வழி முழுக்க என் வலது கை விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். புழுதியும் யாருடையதோ தலையெண்ணெயும் கலந்த ஒரு வாசம்.

மறுநாள் காலை கடை திறக்கப் போகும் வழியில் எங்கள் ஊர் வாசகசாலை முன்னால் நின்றேன். தினமும் கடக்கிற இடம்தான், ஒரு நாளும் நின்றதில்லை. படியேறிப் போய் அந்தப் பூட்டைத் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. துரு செதில் செதிலாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. பதிமூன்று வருடத்தில் அதன்மேல் ஒரு கை பட்ட அடையாளம் இல்லை. என் கையும்கூட.

கடையைத் திறக்கவில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினேன். விரலில் இருந்த துருவை நான் துடைக்கவில்லை. சாவி கேட்கிற இடத்தில் காட்ட வேண்டும்.